நூறு ஷாட்டுக்கு இருபத்து மூன்று

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் அவரவர் வலியோடு ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நான் ஃபோன் போட்டால் "டூட்டியில இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வரவே இல்லை. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார், பிரித்துவிட்டால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு எங்கே போனாலும் படிக்கட்டுதான், ஓடுகிற லிஃப்டுக்கு இவரை யார் கூப்பிடப் போகிறார்கள். போன வாரம் ஒன்பது மாடி ஏறி இறங்கிவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். உன்னிடம் கேட்டால் என்ன பயிற்சி செய்யலாம் என்று சொல்வாய், ஆனால் அவளைத் தொந்தரவு செய்யாதே என்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஊரெல்லாம் இயந்திரத்தைச் சரிசெய்கிறவர் வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற மாட்டேன் என்கிறார். நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். மொத்தத்தில் இந்த வருடம் எனக்கு எல்லாவற்றிலும் ஓய்ந்துபோன மாதிரிதான் இருக்கிறது.

உன் தங்கை பொடி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் நீ உன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாய் என்று அப்பா சொன்னார். அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். விளையாட்டு விடுதிக்குப் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் கூடைப்பந்து அணி எடுத்தார்கள் இல்லையா, அதில் பாயிண்ட் கார்டுக்கு ஒரே ஒரு இடம். பந்தை மேலே கொண்டு வந்து மற்ற நாலு பேரையும் ஆட வைக்கிற பெண் ஒருத்தி போதும் என்றுவிட்டார்கள். கடைசியில் பட்டியலில் மிஞ்சியது இரண்டு பேர், நம் பொடியும் தையல்காரர் மகளும். ஒவ்வொரு பெண்ணின் ஷூட்டிங்கையும் ஒரு மாதம் பார்த்துக் குறிப்பு எழுதச் சொல்லி சங்கத்துச் செயலாளர் என்னிடம் வந்தார். என் பொண்ணே இருக்கா, நான் எழுதக் கூடாது என்றேன். "நீங்க மார்க் போட வேணாம் டீச்சர், பாத்ததை மட்டும் எழுதிக் கொடுங்க. ஷாட்டைப் பாக்கத் தெரிஞ்ச ஆள் இங்க வேற யார் இருக்கா" என்றார். அந்த வார்த்தைக்கு மயங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடம் விளையாட்டு டீச்சராக மைதானத்தில் வெயிலில் நின்றவளுக்கு அந்த ஒரு வார்த்தை பெரிதாகப் பட்டுவிட்டது.

வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு நூறு ஷாட், ஒவ்வொன்றாக எண்ணினேன். சொந்தப் பெண் என்பதால் மற்றவர்களைவிட இவளிடம் ஒரு படி கறாராகவே இருந்தேன், யாரும் விரலை நீட்டிவிடக் கூடாதே. போன வருடம் தூரக் கோட்டுக்கு வெளியே இருந்து நூற்றுக்கு முப்பத்தாறு போட்டவள் இந்த வருடம் இருபத்து மூன்று. ஃப்ரீ த்ரோ பத்துக்கு எட்டு இருந்தது ஆறாகிவிட்டது. பந்து மேலே எழும்பி வளைந்து இறங்க வேண்டும், இவள் பந்து தட்டையாகப் போய் ரிங்கின் முன் விளிம்பில் இடித்துத் திரும்பி வருகிறது. நான் எழுதியதை அப்படியே உனக்குச் சொல்கிறேன், மனப்பாடமாகிவிட்டது. ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவள், பாஸ் எங்கே போக வேண்டும் என்பது பந்து கைக்கு வரும் முன்பே இவளுக்குத் தெரிகிறது, இவள் வயதில் இப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே, முழங்கை வெளியே விலகுகிறது, மணிக்கட்டு மடங்குவதில்லை, தோளால் தள்ளுகிறாள், திருத்தச் சொன்னால் இரண்டு ஷாட்டுக்குத் திருத்திவிட்டு மூன்றாவதில் பழையபடி போடுகிறாள், பயிற்சியில் அக்கறை குறைந்துவிட்டது, வளர்ச்சி நின்றுவிட்டது என்று எழுதினேன். மணிக்கட்டு மடங்குவதில்லை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன் பார். ஏன் மடங்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

தையல்காரர் மகளை எடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பெண் உழைத்தவள். ஆனால் அவரவர் குறிப்பின் நகலை அவரவர் கையில் கொடுப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பொடி அதைப் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து படித்தாள். இரண்டு தடவை படித்தாள். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினொரு நாள் என்னிடம் பேசவில்லை. பேசவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அல்ல, கேட்டதற்குப் பதில், சாப்பிடு என்றால் சாப்பாடு, அவ்வளவுதான். ஒரு வாடகைக்காரி மாதிரி வீட்டுக்குள் வந்து போனாள். உன் அப்பா ஒருநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கோர்ட்டுல டீச்சரா இருந்துட்டுப் போ, வீட்டுலயாவது கொஞ்சம் அம்மாவா இருந்திருக்கலாம்ல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் பொய்யா எழுதினேன் என்று சண்டை போட்டேன். அன்றைக்கு நான் எழுதியது அத்தனையும் உண்மை என்றுதான் சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மற்ற பெண்கள் எல்லாம் போன பிறகு, வா, உன் ஷாட்டைச் சரி பண்ணிவிடுகிறேன் என்று கூப்பிட்டேன். சமாதானத்துக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பந்தைக் கையில் கொடுத்து, முழங்கையை உள்ளே தள்ளி, மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் மடக்கினேன். "அம்மா, விடும்மா" என்று கத்திவிட்டாள். அவள் ஆறு வயதிலிருந்து அந்தக் கோர்ட்டுக்கு வருகிறாள், மற்ற பிள்ளைகளோடு பிள்ளையாக டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள், ஒருநாளும் அங்கே அம்மா என்று கூப்பிட்டதில்லை. பந்து உருண்டு போய்க் கம்பி வேலியில் முட்டி நின்றது. நான் அந்தக் கையை எடுத்து மெதுவாகத் தடவிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற குழியில் விரலை வைத்தால் உடம்பு தூக்கிப் போடுகிறது. பாதிக்கு மேல் மடங்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். மழைக்காலப் போட்டியில் விழுந்தேனே, அப்போதிலிருந்து என்றாள். எட்டு மாதம். ஏன் சொல்லவில்லை என்றேன். "போன வருஷம் வலிக்குதுன்னு சொன்ன ஒருத்தியை, சாக்கு சொல்றவங்க வெளிய உக்காருங்கன்னு ரெண்டு மாசம் உக்கார வச்சீங்கல்ல" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, வருகைப் பதிவு வாசிக்கிற மாதிரி சொன்னாள். அக்காவிடம் மட்டும் சொன்னேன், அக்கா சுளுக்கு என்று சொல்லி டேப் ஒட்டச் சொன்னாள், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன் என்றாள்.

மறுநாளே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார், முந்திரிப் பருப்பு அளவு ஒரு எலும்பு, நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. உடைந்து எட்டு மாதம் ஆகி ஒட்டாமல் கிடக்கிறது என்றார். "இந்தக் கையை வச்சுக்கிட்டா இத்தனை நாள் பந்து போட்டா? கூட இருக்கறவங்க யாருமே பாக்கலையா?" என்று கேட்டார். அவளுக்குக் கோச் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொடிதான், "யாருக்கும் தெரியாது டாக்டர், நான் மறைச்சுட்டேன்" என்றாள். பதினொரு நாள் என்னோடு பேசாதவள் அந்த இடத்தில் எனக்காகப் பேசினாள். நான் சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு நடந்தது உனக்கு அப்பா சொல்லியிருப்பார், இடுப்பிலிருந்து துளி எலும்பு எடுத்து வைத்து, ஒரு சிறிய திருகாணியும் போட்டிருக்கிறார்கள். நாலு வாரம் ஆயிற்று. முழங்கை வரை மாவுக்கட்டு.

நான் சங்கத்து அலுவலகத்துக்குப் போனேன். குறிப்பைத் திருத்த வேண்டும் என்றேன். "லிஸ்ட் போயாச்சு டீச்சர், இனிமே என்ன பண்ண முடியும்" என்று செயலாளர் கையை விரித்தார். லிஸ்டை மாற்ற நான் வரவில்லை, அந்த இடம் தையல்காரர் மகளுக்கே இருக்கட்டும், காகிதத்தில் நான் எழுதியதில் ஒரு வரி தப்பு, அது என் கையெழுத்தோடு இருக்கக் கூடாது என்றேன். அவர் மேஜை ஓரத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். இந்த விளையாட்டு வீராங்கனை வலது மணிக்கட்டில் உடைந்த எலும்போடு எட்டு மாதம் ஆடியிருக்கிறாள், நூற்றுக்கு இருபத்து மூன்று என்பது அந்தக் கையால் போட்டது, வளர்ச்சி நின்றுவிட்டது என்று நான் எழுதியது தவறு, கவனிக்கத் தவறியவள் பயிற்சியாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, "கடைசி வரி வேணுமா டீச்சர்" என்றார். இருக்கட்டும் என்றேன். பழைய குறிப்போடு சேர்த்துப் பின் அடித்து வைத்தார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் பயிற்சி தொடங்கும் முன் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன். முதல் வாரம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் மூன்று பேர் சொன்னார்கள். ஒருத்தி வயிறு என்றாள், அது வீட்டுப்பாடம் எழுதாத வலி, இருந்தாலும் உட்காரச் சொன்னேன்.

இனி உன் விஷயம். நீ அப்பாவிடம் ஃபோனில் அழுதாயாம், எலும்பும் தசையும் படித்து என்ன பிரயோஜனம், என் தங்கச்சி எலும்பையே சுளுக்கு என்று சொல்லிவிட்டேன் என்று. நீ அத்தனை தூரத்திலிருந்து ஃபோன் திரையில் ஒரு வீங்கிய கையைப் பார்த்தாய். படம் எடுத்துப் பார் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாய், பொடியே சொன்னாள், எடுத்தாச்சு ஒன்றுமில்லை என்று உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள். நான் தினமும் அந்தக் கையை மூன்று அடி தூரத்தில் நின்று பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று உன்மேல் எனக்கு இரண்டு நாள் வருத்தம் இருந்தது, மறைப்பானேன், இருந்தது. பிறகு யோசித்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து ஒரு வலியை ஒளித்து வைத்தார்கள் என்றால் அது யாரிடமிருந்து என்று யோசித்தேன். அதற்கு மேல் உன்னைக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

ஒற்றைக் கையால் அவளே தலை பின்னிக்கொள்ள முடியாது. அதனால் காலையில் என் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்காருகிறாள். ஒன்பது வயதில் நானே பின்னிக்கொள்கிறேன் என்று சீப்பைப் பிடுங்கியவள். முகம் தெரியாததாலோ என்னவோ அந்தப் பத்து நிமிஷம் பேசுகிறாள். நேற்று, "எலும்பு ஒட்டலைன்னா என்னம்மா பண்றது" என்று கேட்டாள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எனக்குத் தெரியலைடி என்றேன். "பரவால்ல, இறுக்கிப் பின்னாத" என்றாள். முதுகைப் பின்னால் சாய்த்து என் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

அக்கா ஏன் கூப்பிடவில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாள். வேலை என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பொய் தீர்ந்துவிட்டது. ஒன்று கேட்கிறேன், செய். வருகிற பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கட்டைப் பிரித்து மறுபடி படம் எடுக்கிறார்கள். ஒட்டியதா இல்லையா என்பது அன்றைக்குத்தான் தெரியும். அந்த டாக்டர் பேசுவது எனக்கும் அப்பாவுக்கும் பாதி புரிவதில்லை, பெரிய பெண் வெளிநாட்டில் பிசியோதெரபி வேலையில்தான் இருக்கிறாள், ஃபோனில் கூட இருக்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். உனக்கு அப்போது என்ன நேரம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், டூட்டி இருந்தால் மாற்றிக்கொள். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, நாலு பேரும் ஒன்றாகக் கேட்டுக்கொள்ளலாம். இந்தத் தடவை யாரும் யாருக்கும் மறைக்க வேண்டாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், மனதில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். ராத்திரி வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. பதினெட்டு, வியாழன், பதினோரு மணி, மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா