தென்னையில் போட்ட முடிச்சு

என் ஆசை ராத்தாவுக்கு, உங்கள் தங்கச்சியின் ஸலாம்.

ஹஜ்ஜுப் பெருநாள் செய்தி சொல்லவேண்டும். பெண்கள் மட்டும் கூடும் அந்த மதில் வளவுக்குள் இம்முறையும் கயிறிழுத்தல் நடந்தது. நீங்கள் இல்லாத முதல் போட்டி. கயிற்றின் கடைசியில், உங்கள் இடத்தில், நான் நின்றேன். சிரிக்காதீர்கள்.

நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு நம் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண்கள் கயிற்றைத் தொடவே தயங்கினார்கள். "ராத்தா இல்லாம என்னத்த இழுக்கிற?" என்றாள் பக்கத்து வளவு நபீலா மச்சி. எனக்கு ரோசம் வந்துவிட்டது. இம்முறையும் வெற்றிக் கிண்ணம் நமக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு கயிற்றை எடுத்து வந்தேன்.

முன்பெல்லாம் பயிற்சியில் நீங்கள் கயிற்றைத் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். நாங்கள் எதிரே நின்று இழுப்போம். நான் அதே தென்னையில் இறுக்கி முடிச்சுப் போட்டேன். அஸர் தொழுதுவிட்டு வந்து, கச்சான் காற்று முகத்தில் அடிக்க அடிக்க இழுத்தோம். அசையாமல்தான் நின்றோம்.

பெருநாளுக்கு முந்திய வாரம் கடற்கரை ஒழுங்கைக்காரிகளோடு ஒரு ஒத்திகை. அவர்கள் கொஞ்சம் வழுக்க, கயிறு திடீரென்று எங்கள் பக்கம் வந்தது. அத்தனை பேரும் மல்லாந்து விழுந்தோம்! என் மேலே நபீலா. "எழும்பு மச்சி, மூச்சு முட்டுது" என்கிறேன். அவள் சிரித்து முடித்தால்தானே.

காரணத்தை உங்கள் மகள் ஹஸ்னாதான் பிடித்தாள். "சாச்சி, மரம் விட்டுத் தராதுதானே. உம்மா இடைக்கிட கயித்தத் தளத்துவா, நாம பின்னுக்குக் கால் வெப்பம். இந்தமுற அதப் பழகவே இல்ல."

உங்கள் கை களைத்துத்தான் தளர்கிறது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வேண்டுமென்றேதான் விட்டீர்களா, ராத்தா?

அன்றே இலக்கை மாற்றினேன். கயிறு தளரும்போது விழாமல், எல்லோரும் சேர்ந்து ஒரு எட்டுப் பின்வைக்க வேண்டும். அவ்வளவுதான். முடிச்சை அவிழ்த்து முனையை ஹஸ்னாவிடம் கொடுத்தேன்.

"கிண்ணம் எங்ககா போச்சு?" என்று நபீலா நக்கலடித்தாள்.

"முதல்ல காலப் பாரு" என்றேன்.

பெருநாளன்று முதல் இழுவையில் தோற்றோம். இரண்டாவதில் கயிறு லேசாகத் தளர்வது உள்ளங்கையில் தெரிந்தது. "வைங்க கால!" என்று கத்தினேன். ஒரு எட்டு. இன்னும் ஒன்று. யாரும் விழவில்லை. கோட்டைத் தாண்டி அவர்கள் வந்தே விட்டார்கள்! மூன்றாவதில் எங்களை அள்ளிக்கொண்டு போனார்கள்; கிண்ணமும் கடற்கரை ஒழுங்கைக்குப் போனது. ஆனால் அவர்கள் பக்கம் கடைசியில் நின்றவள் என்னைத் தேடி வந்து, சிவந்த கையை விரித்துக் காட்டினாள். "ராத்தா இல்லயே, இந்தமுற லேசு எண்டு நெனச்சம். கை காந்துதுகா!"

அடுத்த பெருநாளுக்கு இரண்டு இழுவை வெல்லவேண்டும். முழங்கால் இப்போதே முனகுகிறது; முடியாவிட்டால் இலக்கைக் குறைத்துக்கொள்வேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் கயிறு சும்மா கிடக்க விடமாட்டேன், இன்ஷா அல்லாஹ். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

துஆவோடு,
உங்களுக்குப் பின்னால் பிறந்து, இப்போது உங்கள் இடத்தில் நிற்கும் தங்கச்சி.