எள்ளுவின் இடது காது

மார்ச் 4, செவ்வாய்

வலது கைக்குக் கட்டுப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. காலையில் எள்ளுவுக்குக் கயிறு மாட்டப் போனேன். தலையை வீசி என் கையைச் சுவரோடு நசுக்கிவிட்டது. எலும்பு தப்பியது. வெள்ளை உடம்பில் எள் தூவியது போல் புள்ளிகள், குழந்தைகளைச் சுமந்தே பழகிய பெண் குதிரை. அதுவா இப்படி?

"அடுத்த வாரம் சனிக்கிழமை லாரி வருது. அனுப்பிடலாம்" என்றார் முதலாளி. எங்கே என்று நான் கேட்கவில்லை. சவாரிக்கு உதவாத குதிரையை எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 5

லாயத்தில் எல்லோரும் அதைச் சண்டி என்கிறார்கள். முதலாளி உத்தரவு: கிட்டே போனால் பூனை மாதிரிப் போக வேண்டும், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அப்படித்தான் போனோம். வாளி வைக்கப் போன ஆள் உதை வாங்காமல் தப்பியதே பெரிது.

வீட்டுக்கு வந்தால் தங்கை, "ஏன்க்கா, மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்குது?"

"கொள்ளு சும்மாதான் இருக்கு. எள்ளுதான் வெடிக்குது."

அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை.

மார்ச் 7

என்னடி ஆச்சு உனக்கு? நான் என்ன பண்ணேன் உன்னை?

மார்ச் 9, ஞாயிறு

இன்று ஆள் குறைவு. எள்ளுவை வெளியே கட்டிவிட்டு நானே கொட்டடியைக் கழுவ வேண்டியிருந்தது. கயிறு மாட்டுவது, சேணம் போடுவது, ஏறுவது, எல்லாமே குதிரையின் இடப்பக்கம் நின்றுதான். எங்கள் தொழிலில் அது சட்டம். மாறிப் போனால் திட்டு விழும். ஆனால் வலது கை தொங்கும்போது சட்டமாவது ஒன்றாவது! வலப்பக்கம் போய் இடது கையால் மாட்டினேன்.

பசு மாதிரி நின்றது. என் சட்டைப் பையை மோந்து பார்த்தது.

தற்செயலா?

மார்ச் 10

இல்லை, தற்செயல் இல்லை. அதன் இடது காது கொஞ்ச நாளாகவே ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கிறது. கோபம் என்று நினைத்தோம். கோபமென்றால் இரண்டு காதும் பின்னால் மடங்கிக் கழுத்தோடு ஒட்டும். இது ஒட்டவில்லை, எதையோ தேடுகிறது. கண்ணின் வேலையைக் காது பார்க்கிறதோ?

வேலிக்கு வெளியே நின்று இடப்பக்கம் ஒரு துணியை ஆட்டினேன். அசையவில்லை. வலப்பக்கம் ஆட்டினேன். சட்டென்று தலை நிமிர்ந்தது.

அய்யோ — தெரியாத பக்கமாவே போயிருக்கோம். அதுவும் சத்தமே இல்லாம! நானா இருந்தாலும் உதைச்சிருப்பேன்.

மார்ச் 12

முதலாளியைக் கெஞ்சிக் கால்நடை டாக்டரை வரவழைத்தேன்.

"கண்ணு பளிச்சுன்னுதானே இருக்கு?" என்றார் முதலாளி.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "வெளியில பளிச்சுன்னுதான் இருக்கும். உள்ள போயிடுச்சு. இனி இந்தக் கண்ணு தெரியாது. வலி இல்ல, இன்னொரு கண்ணு நல்லா இருக்கு."

"அப்ப இது சண்டி இல்லையா?"

"பயம் சார். இருட்டுல யாரோ தோள்ல கை வெச்சா நீங்க சும்மா இருப்பீங்களா? பேசிக்கிட்டே கிட்ட போங்க, போதும்."

லாரி? என்று கேட்டேன். "வேணாம்னு சொல்லிடறேன்" என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல். தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன். எவ்வளவு சுகமான அழுகை!

மார்ச் 15, சனி

லாரி வந்து நிற்கிறது! வேண்டாமென்று சொல்ல முதலாளி மறந்துவிட்டாராம். வந்த வண்டியை வெறுமனே அனுப்புவானேன் என்று குதிரை லத்தியை மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்பினார். டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பாடா.

மார்ச் 23, ஞாயிறு

கட்டுப் பிரித்தாயிற்று. கையெழுத்து பழையபடி என்னுடையது.

மாலை லாயத்துக்குள் யாரோ பேசும் சத்தம். எட்டிப் பார்த்தேன். முதலாளி. எங்களிடமே தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர், வாளியோடு எள்ளுவின் இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா... நான்தான் வரேன். தண்ணி கொண்டு வரேன். இதோ, கிட்ட வந்துட்டேன்."

இடது காது அவர் பக்கம் திரும்பி அங்கேயே நின்றது. கால் தரையை விட்டு எழவில்லை. வாளியை வைத்த பிறகும் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.