சேற்றில் பூத்த தக்காளி

ஸ்லோவேனியா, ஜூன்

அன்புள்ள ராதோஸ்தினா,

உன் முட்டி வலி தேவலையா? பிள்ளைகள் சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நகரத்துச் சாக்கடைச் சேற்றைப் பிழிந்து, கண்ணாடிக் கூடத்தில் பரப்பிக் காயவைக்கிறோம். காலையில் எழும்பும் ஆவிக்குள் கிளறும் இயந்திரம் தூக்கத்தில் நடப்பதுபோல் நகரும். போன வாரம் அதன் வழியில் ஒரு தக்காளிச் செடி பூத்து நின்றது. ஊரார் தின்று, சாக்கடை வழியே வந்த விதைதான். இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். மறுநாள், கிளறாமல் ஈரமாகவே கிடந்த சேற்றை ஏற்ற மாட்டேன் என்று லாரிக்காரன் திரும்பிப் போய்விட்டான்.

"காயவைக்கச் சொன்னா தோட்டம் போடுறியா? இன்னொரு தடவை லாரி திரும்பினா, உன்னையும் அதுலயே ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவேன்," என்றார் மேஸ்திரி போயான்.

ஒரு கணம் அது மிரட்டலாகவே படவில்லை.

செடியை வேரோடு பிடுங்கி, ஒரு டப்பாவில் நட்டு என் அறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். குளிர்காலத்துக்கான கம்பளிக் காலுறையோடு நம் தோட்டத்துத் தக்காளி விதையும் கொஞ்சம் அனுப்பு. இது யார் வீட்டுத் தக்காளியோ. உன் பேரைச் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது.

உன் காமென்