மூன்று வருட வாரண்டி

2007 ஜூன் 11, கண்டி

கடைக் கணினி இன்று காலமானது. ஒரு மரண அறிவித்தல் பாதித் தட்டச்சில் நிற்கிறது. இறந்தவர் பொறுமையாக இருக்கிறார். அவருடைய மருமகன்தான் என் மேசையில் குத்துகிறார். ராஜலிங்கம் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிருச்சுங்க சேர்" என்றான். மற்ற உறுப்பெல்லாம் வந்து செருகிக்கொள்ளும் பெரிய பச்சைப் பலகை அது. அது போனால் மிச்சமெல்லாம் தகரம்.

ராஜலிங்கம் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து ஆள். வயது நாற்பது. ஆறு வருடமாக என்னிடம் திருத்த வேலை பார்க்கிறான். நான் தமிழில் தட்டச்சு செய்கிறேன், அவன் பெட்டிகளை உயிரோடு வைத்திருக்கிறான்.

ஜூன் 13

எந்தக் கொம்பனிப் பலகை வாங்குவது? அவசரப்பட மாட்டேன். நீர்ப்பாசனக் கந்தோரில் இருபத்தேழு வருடம் படம் வரைந்தவன் நான், அணைக்கட்டுக்கே அவசரப்பட்டதில்லை. அட்டவணை போட்டேன். எங்கே செய்தது, எத்தனை காலம் உழைக்கும், பழுதானால் யார் பார்ப்பது. ஏழு கொம்பனி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை புள்ளி.

மனைவி லீலாதேவி எட்டிப் பார்த்து, "மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கேக்கையும் நீங்கள் இவ்வளவு விசாரிக்கேல்லையே அப்பா" என்றாள். உண்மைதான். மாப்பிள்ளைக்கு வாரண்டி கிடையாது, விசாரித்து என்ன பயன்?

ஜூன் 15

ராஜலிங்கம் என்னைப் பக்கத்து ஊர் அக்குறணைக்கு இழுத்துக்கொண்டு போனான். சாஹுல் ஹமீதின் கடை. முன்பக்கம் மின்விசிறியும் பிரஷர் குக்கரும், பின்பக்கம் கணினிச் சாமான். அவர் காட்டிய பெட்டியில் கொம்பனிப் பெயரே இல்லை, ஒரு தாமரைப் பூ மட்டும். எங்கே செய்தது என்று கேட்டேன். "சீனாவா ஈக்கும்" என்றார். ஈக்கும்! இருக்கலாமாம்! வாரண்டிக் கடுதாசி கேட்டேன்.

"கடுதாசி என்னத்துக்கு மாஸ்டர்? பழுதாப் போனா கொண்டு வாங்க, மாத்தித் தாரன். நான் இங்கதானே ஈக்கிறன்."

பழுதானால் யார் பார்ப்பது என்ற கட்டத்தில் பத்துக்கு இரண்டு போட்டேன். அந்த இரண்டும் அவர் தந்த பிளேன்டீக்கு.

ஜூன் 20

வெஸ்டோரியா வென்றது. தாய்வான் உற்பத்தி. கொழும்பில் குளிரூட்டிய சேவை நிலையம், மூன்று வருட வாரண்டி. பத்துக்கு ஒன்பது. வாரண்டி அட்டையை லமினேட் செய்து அலுமாரியில் வைத்தேன். ராஜலிங்கம் பலகையைப் பெட்டிக்குள் பூட்டினான். "கெட்டுப்போனா கொழும்புக்கு யாருங்க சேர் தூக்கிட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டான். நல்ல சாமானுக்கு அந்தத் தேவையே வராது என்றேன்.

2008 பெப்ரவரி 19

தேவை வந்துவிட்டது.

எட்டே மாதம். பலகையில் வரிசையாக நிற்கும் சின்ன உருளைகளில் மூன்று தலை வீங்கிக் கசிகின்றன. பதினைந்து நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது. மறுபடி பதினைந்து நிமிடம். ராஜலிங்கம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

பெப்ரவரி 20

சேவை நிலையத்தோடு பேசினேன். முதலில் பாட்டு. பிறகு ஒரு பெண், இனிமையான ஆங்கிலத்தில்: பலகையை நேரில் கொண்டு வர வேண்டும். கூரியர்காரன் மின்சாமான் எடுக்க மாட்டானாம். போர்நிறுத்தம் போன மாதத்தோடு முடிந்து, பஸ்களில் குண்டு வெடிக்கிற நேரம். அவனைக் குறை சொல்ல முடியாது.

பெப்ரவரி 21

யார் போவது? என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கொழும்பு வாசலில் இருக்கிற சோதனைச் சாவடியில் அந்த ஒரு சொல்லுக்கே பஸ்ஸால் இறக்குவார்கள். ராஜலிங்கத்தின் அட்டையில் ஹுன்னஸ்கிரிய. "நீ மலைநாட்டு ஆள், உன்னை ஒண்டும் செய்யாங்கள்" என்றேன். "சரிங்க சேர்" என்றான். வேறென்ன சொல்வான்? சம்பளம் கொடுப்பவன் நான்.

கொழும்புக்காரர் குழம்பக்கூடாதென்று பலகையை அளவுப்படி வரைந்து கொடுத்தேன். வீங்கிய இடங்களுக்குச் சிவப்பு வட்டம், அம்புக்குறி, எத்தனையாவது நிமிடத்தில் நிற்கிறது என்று பக்கத்தில் குறிப்பு. கந்தோரை விட்ட பிறகு இவ்வளவு அழகாக ஒரு படம் வரைந்ததில்லை.

பெப்ரவரி 22

காலை ஐந்தரை பஸ்ஸில் போனான்.

பெப்ரவரி 23

பிடித்துவிட்டார்கள். பொலிஸ் நிலையத்திலிருந்தே தொலைபேசி வந்தது. சாவடியில் பையைத் திறந்திருக்கிறார்கள். வயர் செருகும் பலகை, பொத்தான் போல ஒரு பற்றரி, கூடவே சிவப்பு வட்டமும் நிமிடக் கணக்கும் போட்ட ஒரு வரைபடம். எந்தப் பொலிஸ்காரன் விடுவான்? நானே விடமாட்டேன். மடையா, மடையா — அம்புக்குறி வேறு!

படம் முதலாளி வரைந்தது என்றானாம். முதலாளி வந்து சொல்லட்டும் என்கிறார்கள்.

பெப்ரவரி 24

ஞாயிறு. எல்லாம் பூட்டு. போய்ப் பயனில்லை. பொலிஸ் நிலையத்துக்கு ஞாயிறு உண்டா? தெரியாது. கேட்கவில்லை.

பெப்ரவரி 25

சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தேன். நான் நேரில் போய்ச் சொன்னால் போதுமாம். "போதும்" என்கிறார்! அவர் பிறந்தது மலைநாட்டுக் கம்பளையில்.

சேவை நிலையத்தைக் கேட்டேன்: இது எங்கள் பலகைதான், வெறும் கணினிச் சாமான் என்று ஒரு கடிதம் தாருங்கள். அதே இனிமையான குரல்: பொருளை நேரில் பார்க்காமல் எதுவும் எழுதித் தர முடியாது. பொருள் பொலிஸில் இருக்கிறது என்றேன். அப்படியானால் பொலிஸிலிருந்து எடுத்துக்கொண்டு வரட்டுமாம். பத்துக்கு ஒன்பது.

பெப்ரவரி 26

தடிமன், மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் போலவும் இருக்கிறது. லீலாதேவி காய்ச்சல் பார்க்கும் குழாயை என் வாயில் வைத்து எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு என்று படித்துவிட்டு உதறி வைத்துவிட்டாள்.

பெப்ரவரி 27

ராஜலிங்கத்தின் மனைவி வீரம்மா கடைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"கொழும்புக்கு எந்த பஸ்ஸுல ஏறணுங்க?"

"நீங்கள் ஏன் போறியள்? அங்க உங்களுக்கு ஆரைத் தெரியும்?"

"யாரும் போகலியேங்க."

அட்டை விஷயத்தை விளங்கப்படுத்தினேன். யாழ்ப்பாணம் என்றால் ஒரு மாதிரி, மலைநாடு என்றால் இன்னொரு மாதிரி... அவர் தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "எங்க கார்டுலயும் தமிழ் எழுத்து இருக்குங்க. அவங்க அதுக்கு மேல படிக்க மாட்டாங்க."

வெட்கமாக இருந்தது. இதற்கு வேறு நல்ல சொல் தேடினேன். இல்லை.

பெப்ரவரி 28

போனோம். வீரம்மா, நான், சாஹுல் ஹமீது. வீரம்மா அவருக்கும் சொல்லியிருக்கிறார். அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். கையில் ஒரு பை, அதற்குள் நாலு மதர்போர்ட். பொலிஸுக்கு! உமக்கென்ன பைத்தியமா என்றேன்.

"ஒண்டப் பாத்தாத்தான் மாஸ்டர் பயம். நாலப் பாத்தா கடச் சாமான் எண்டு வெளங்கும்."

சாவடியில் அவர் பில்லைக் காட்டினார், விட்டார்கள். என்னை இறக்கினார்கள், அரை மணி நேரம் நிறுத்தினார்கள், திரும்ப ஏற்றினார்கள். இவ்வளவுதான். ஆறு நாள் நான் நடுங்கியது இந்த அரை மணிக்கு.

இன்ஸ்பெக்டர் படத்தை நீட்டினார். யார் வரைந்தது? நான் என்றேன். நம்பவில்லை. பென்சிலைத் தந்து, முன்னாலேயே வரையச் சொன்னார். ஒரு கோடும் நேராக வரவில்லை. இதற்கிடையில் சாஹுல் ஹமீது சரளமான சிங்களத்தில் பேசிப் பேசியே பொலிஸாரின் சொந்தக் கணினியின் மூடியைக் கழற்றிவிட்டார். உள்ளே அதே மாதிரிப் பச்சைப் பலகை. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இதைச் சொல்ல ஆறு நாளா என்று சிங்களத்தில் கேட்டார். விளங்காதது போல இருந்தேன். இருபத்தேழு வருடம் அரசாங்க வேலைக்காரரோடு சிங்களம் பேசியவன்.

மார்ச் 3

ராஜலிங்கத்தை விட்டுவிட்டார்கள். பலகையை விடவில்லை, விசாரணை முடியும்வரை அங்கேயே இருக்குமாம்.

இடது காது கேட்கவில்லை என்கிறான். எப்படி என்று கேட்கத் துணிவில்லை. வலது பக்கம் போய் நின்று, "மன்னிச்சுக்கொள்" என்றேன். தலையை ஆட்டினான். கேட்டதா தெரியவில்லை.

மார்ச் 17

ராஜலிங்கம் வேலைக்கு வரவில்லை. சாஹுல் ஹமீதின் கடையில் சேர்ந்துவிட்டாராம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தாமரைப் பூப் பலகையை வாங்கிவிட்டேன். பூட்டிக் கொடுக்க ராஜலிங்கம் வந்தார். ஒரு மணி நேர வேலை. லீலாதேவி வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. கணினி உயிர் பெற்றது. திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

பழக்கதோஷம், கேட்டுவிட்டேன். "இது பழுதாப் போனா?"

"அக்குறணைக்குக் கொண்டாங்க சேர். பாத்துத் தர்றோம்."

செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கினார். நின்று திரும்பினார்.

"ஆள் அனுப்பாதீங்க. நீங்களே வாங்க."