விக்கிரவாண்டியில் திரும்பிப் பார்த்தது

1. 6-2-2025, வியாழக்கிழமை (தை 24), காலை 6.10. விழுப்புரம்.

பனி. எதிர்வீட்டு மொட்டைமாடி தெரியவில்லை. சர்க்கரை மாத்திரை போட்டாயிற்று. பேனாவுக்கு மை நிரப்பியாயிற்று.

திண்டிவனம் வாசகர் வட்டத்தின் தொகுப்பு: பல நாட்டுப் புராணங்களை இந்தக் காலத்துச் சிறுகதைகளாக எழுதுவது. மொத்தம் பன்னிரண்டு. பதினொன்று தேர்வாகிவிட்டன. மீதி ஓரிடம். என் கதைகள் இரண்டு திரும்பி வந்தவை: (அ) நெருப்பைத் திருடிய கிரேக்கன், (ஆ) குகைக்குள் ஒளிந்த ஜப்பானியச் சூரியதேவி. இரண்டிலும் செயலாளர் அருள்மேரி டீச்சரின் குறிப்பு ஒன்றே: "ஐயா, பத்திரம் படிப்பதுபோல் உள்ளது." முப்பத்தொரு வருடம் பத்திரம் எழுதிய கை. வேறு எப்படி இருக்கும்? ஆனாலும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிறன்று கூட்டத்தில் மூன்றாவது கதையை நானே வாசிக்க வேண்டும். அத்துடன் தேர்வு முடிகிறது. எழுபத்து மூன்று வயதில் என் பெயர் ஒரு புத்தகத்தில் வர இதை விட்டால் வழியில்லை.

கதை: பாம்பு கடித்து இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போன கிரேக்கப் பாடகன். பாட்டில் மயங்கிய பாதாள அரசன் அவளை அனுப்பச் சம்மதிக்கிறான். நிபந்தனை: வெளிச்சம் வரும்வரை கணவன் முன்னே நடக்க வேண்டும், பின்னால் வருபவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிடுகிறான். அவள் போய்விடுகிறாள். என் கதையில் அவன் கண்டாச்சிபுரத்து மெல்லிசைக் குழுப் பாடகன். பாம்பு, மல்லாட்டைக் கொல்லையில் (நிலக்கடலை வயல்).

2. 7-2-2025, வெள்ளி, மாலை 4.40.

சரோஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். (மனைவி. நாற்பத்தாறு வருடம்.) அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பாதாளத்துக்கு எதுக்குங்க நாலெல்லை?"

"எடம் தெளிவா இருக்க வாணாமா?"

"வடக்கே வைதரணி, தெற்கே ஏரிக்கால்வாயா! யாரு அத்த வாங்கப் போறாங்க?"

நான்கெல்லை நீக்கம். மனமில்லாமல்.

முடிவுக்கு வந்ததும் அடுத்த கேள்வி. "இவன் எதுக்குத் திரும்புறான்?"

"அன்பு. வர்றாளா, இல்லியான்னு பதைப்பு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க பத்தடி முன்னால போய்க்கினே இருக்கீங்க. ஒரு வாட்டி திரும்பிப் பாத்தது உண்டா? உங்கள அனுப்பியிருந்தா அந்தப் பொண்ணு பொழைச்சி வந்திருக்கும்!"

மூலத்தை மாற்றுவதற்கில்லை என்றேன். அவள் கேட்டதற்கு அது பதிலில்லை, எனக்கே தெரிந்தது.

இரவுக்கு அவரைக்காய்ப் பொரியல். உப்பு சற்றுக் கூடுதல்.

3. 9-2-2025, ஞாயிறு, மாலை 6.25.

நடந்ததை நடந்த வரிசையில்.

திண்டிவனத்துக்குக் காலை பாசஞ்சர். வழக்கம்போல் நான் முன்னே, சரோஜா பின்னே. பை அவளிடம். பையில்: கதை, என் மூக்குக்கண்ணாடி, என் கைப்பேசி. மேம்பாலம் ஏறி இறங்கி முதல் பெட்டி. பக்கத்து இருக்கையில் கைக்குட்டை போட்டு அவளுக்கு இடம் பிடித்தேன். வண்டி நகர்ந்தது. கைக்குட்டை மட்டும் இருந்தது.

முண்டியம்பாக்கம் வரை கோபம். அதன்பின் அவளுடைய இடது முழங்காலும் மேம்பாலத்துப் படிகளும் மட்டுமே நினைவில். கதையை மறந்தேன். கூட்டத்தையும்.

விக்கிரவாண்டியில் இறங்கி, பெட்டி பெட்டியாக ஜன்னலைப் பார்த்தபடி பின்பக்கம் நடந்தேன். பாதி தூரத்தில் ஊதல். வண்டி கிளம்பிற்று. கடைசியில் பெண்கள் பெட்டி. ஜன்னலோரம் சரோஜா. கையில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம்.

"ஏங்க! அங்க என்னாத்துக்கு எறங்கினீங்க? ஏறுங்க, ஜல்தி!"

கால் ஒத்துழைக்கவில்லை. வண்டி போயிற்று. நாற்பத்தாறு வருடத்தில் திரும்பிப் பார்த்தது ஒரு நாள்; அன்று பார்த்து அவள் போய்விட்டாள்.

நெடுஞ்சாலை வரை நடை. பேருந்து. நடத்துநர்: "இன்னா பெருசு, தனியா சிரிச்சிக்கினே ஏர்ற?" அப்போதுதான் கவனித்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

திண்டிவனம், 11.20. அரங்கத்து வாசலில் செருப்பு அவிழ்க்கும்போதே உள்ளே ஒரே சிரிப்பு. என் முறை வந்துவிட்டதாம், சரோஜா எழுந்துவிட்டாளாம். கதைத்தாள் சுருட்டியபடி கையில். அவர் கையெழுத்து எனக்குப் படிக்க வராது, வாயால் சொல்கிறேன் என்றாளாம். செருப்புகளுக்கு நடுவே நின்று கேட்டேன்.

"...திரும்பிப் பாத்தான். அவ இல்ல. ஐயோ, போய்ட்டாளேன்னு அழுவுறான். எங்க போனா? இவனுக்கு முன்னாலயே மேல ஏறிப் போய்ட்டா! அடுத்த ஸ்டேஷன்ல குந்திக்கினு மல்லாட்டை உரிச்சிக்கினு இருக்கா. 'வாய்யா, வர்றதுக்கு எம்மா நேரம்'ங்கிறா."

கைதட்டல். நீண்ட நேரம்.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க ஐயா! பன்னெண்டாவது கதை கெடச்சிடுச்சி. முடிவு மட்டும் அம்மா சொன்னதுதான். நாளைக்கே எழுதி அனுப்பிடுறீங்களா?"

மூலத்தில் அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "அனுப்புறேங்க" என்றேன்.

ஸ்டேஷனுக்குத் திரும்புகையில் அருகருகே நடை. எளிதன்று. இருமுறை முன்னே போய்விட்டேன். இருமுறையும் நின்றேன்.

"என்னாங்க, கால் வலியா?"

"இல்ல."

மீதி மல்லாட்டையைத் தந்தாள். பதினேழு. சூடு ஆறியிருந்தது. நன்றாக இருந்தது.

4. 10-2-2025, திங்கள், காலை 9.05.

நல்ல வெயில். கதை நகலெடுத்து முடிந்தது. முடிவை மட்டும் சரோஜாவையே எழுதச் சொன்னேன். நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்புறம் எழுதித் தந்தாள். இரண்டு இடத்தில் முற்றுப்புள்ளி இல்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். மூடிவைத்தேன்.

டீச்சருக்குக் கடிதம் தயார். தபால் 10 மணிக்குள். இணைப்பு விவரம், என் பார்வைக்கு:

1. கதை, பக்கம் பதினொன்று. (நான்கெல்லை நீங்கலாக.)
2. முடிவு, நாட்காட்டித் தாள் ஒன்று. திருத்தமில்லை.
3. ஆசிரியர் பெயர்த் தாள். பெயர் இரண்டு. சரோஜா முன்னே, நான் பின்னே.