என் கையால் வாங்காத அம்மாவுக்கு

வீடு முழுக்கத் திராட்சை வாசனை அம்மா. மாதர் சங்கத்துப் பெண்கள் பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் இலவங்கமும் போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் மூடி, "இந்த வருஷம் அம்மா இல்ல, நீங்களே பாத்துக்குங்க பாஸ்டரம்மா" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பண்டிகையன்று சபையில் அப்பத்தோடு கொடுக்கும் திருவிருந்து ரசம். இத்தனை வருஷமும் நீதான் போடுவாய். எந்தச் சபை கேட்டாலும் போட்டுக் கொடுப்பாய், என் சபைக்கும் சேர்த்துத்தான். அந்த ரசத்தை நான் பாத்திரத்தில் ஊற்றி, ஜெபித்து, உன்னிடம் நீட்டினால் மட்டும் ஆகாது. இந்த வாசனை மூக்கில் ஏறும்போது எனக்கு வருவது அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. ரெண்டும்தான்.

உன்னைவிட நன்றாகப் பிரசங்கம் செய்கிற ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. முசிறிப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் நீ 'பைபிள் அம்மா'. பஸ்ஸை விட்டு இறங்கி, வாழைத்தோட்டத்தை ஒட்டி நடந்துபோய், களையெடுத்துவிட்டுக் களைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களோடு நீயும் உட்கார்ந்துகொள்வாய். ஸ்கூல் லீவில் நானும் கூட வருவேன். "கல்லறைக்கு முதல்ல போனது யாரு? ஆம்பளைங்க எல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தாங்க. அவர் எழுந்துட்டாருங்கற சேதி மொத மொதல்ல பொம்பளை வாயிலேர்ந்துதான் வந்துச்சு. அதையும் நம்பலியே இவங்க!" என்பாய். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வரப்பில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்த ஆண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் இறையியல் படிக்கப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் டவுனுக்கு வந்துவிட்டால் நீ வேறு ஆள். மாதர் ஞாயிறன்று பிரசங்கம் உனக்குத்தான். பிரசங்க பீடத்தில் மட்டும் ஏறமாட்டாய், கீழே தரையில் நின்றுதான் பேசுவாய். "மைக் இருக்குல்ல, எங்கேருந்து பேசினா என்ன?" என்று மழுப்புவாய். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

எனக்குக் குருப்பட்டம் கொடுத்த அன்று வேன் பிடித்து முசிறிப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாய். போகிற வருகிறவரிடமெல்லாம் "எம்பொண்ணு, எம்பொண்ணு" என்றாய். ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னச் சபையை எனக்குக் கொடுத்தார்கள். அங்கே நான் முதன்முதலாகத் திருவிருந்து நடத்திய ஞாயிறன்று, பீடத்துக்கு முன்னால் இருக்கும் கம்பிக்கு உள்ளே நான் நிற்க, வெளியே சனங்கள் வந்து முழங்கால் போட்ட ஒவ்வொரு வரிசையிலும் உன்னைத் தேடினேன். நீ பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். உடம்புக்கு ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமும் வரவில்லை. அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. விடியற்காலையில் புத்தூர் ஆராதனைக்குப் போய் அங்கே ஆயரிடம், ஆண் பாஸ்டரிடம், திருவிருந்து வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி, பெருமாள் சேவிக்க வருகிற கூட்டத்தோடு கூட்டமாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டி, ராஜகோபுரத்தடியில் இறங்கி, என் பிரசங்கத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்துவிடுவாய். என்ன அக்கறை! வீட்டுக்கு வந்ததும் பிரசங்கம் நன்றாயிருந்தது என்று வேறு சொல்வாய்.

ஆண்களிடம் சண்டை போட என்னிடம் பதில் இருந்தது அம்மா. என் கணவருக்குக் கைகொடுத்து "தோத்திரம் பாஸ்டர்" என்றவர்களைச் சிரித்தே சமாளித்தேன். அவர் பாவம், மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். பண்டிகைத் திருவிருந்துக்கு வெளியிலிருந்து ஒரு ஆயரை வரவழைத்துவிடலாம் என்று வருஷா வருஷம் சொல்லும் கமிட்டிச் செயலரையும் சமாளித்திருப்பேன். அவர் ஒருநாள், "பெத்த தாயே உங்க கையால வாங்கல. எங்களை எதுக்குங்க குத்தம் சொல்றீங்க?" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டேன்.

"ஏம்மா, நான் கொடுத்தா கசக்குமா?"

"பேசாம சாப்பிடு."

"பொம்பளை கொடுக்கக் கூடாதுன்னு வேதத்துல எங்க இருக்குன்னு காட்டு."

"எங்கயும் இல்ல. ரசம் ஊத்தவா?"

இருக்கிறது என்று நீ சொல்லியிருந்தால் விடியவிடிய வாதாடியிருப்பேன். எங்கயும் இல்ல என்கிறவளோடு என்ன செய்வது?

போன வருஷம் புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது திருவிருந்து வேண்டும் என்றாய். நோயாளிகளுக்காக நான் எப்போதும் கொண்டுபோகும் சின்னப் பாத்திரமும் அப்பமும் என் பையில் இருந்தன. நீ பையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "புத்தூர் பாஸ்டரைக் கூப்பிடு" என்றாய்.

"நானும் பாஸ்டர்தாம்மா!"

நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். நீ அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவருக்குப் போன் செய்தேன். இறையியல் கல்லூரியில் என்னைவிட ஜூனியர். வந்தவருக்கு என் முகத்தைப் பார்க்கவே கூச்சம். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

"அங்க என்னடி நிக்கிற? இங்க வா. எம்பக்கத்துல முழங்கால் போடு."

கட்டிலை ஒட்டி முழங்கால் போட்டேன். அவர் உனக்குக் கொடுத்தார், பிறகு எனக்கும் கொடுத்தார். அவர் போனதும் என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "உங்கப்பா போனப்புறம் நீதானே எம்பக்கத்துல முழங்கால் போட்டுக்கிட்டு இருந்த. கம்பிக்கு அந்தப்பக்கம் போயிட்ட. அப்புறம் எனக்கு யாருடி இருக்கா?"

விக்கி விக்கி அழுதேன். இத்தனை வருஷக் கோபமும் கரைந்துபோனது போலத்தான் இருந்தது.

கரையவில்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து யோசிக்க யோசிக்க எங்கேயோ உதைக்கிறது. புத்தூரில் மட்டும் உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அங்கேயும் தனியாகத்தானே முழங்கால் போட்டாய்? நீ சொன்னது நிஜமா, இல்லை என் மனசு ஆறட்டும் என்று சொன்னதா? பெண் கை என்றால் உனக்குள்ளேயே ஒரு படி மட்டம்தானோ? முசிறியில் அவ்வளவு தைரியமாகப் பேசியவளை யார் அப்படி நம்பவைத்தார்கள்? சொல்லாமலே போய்விட்டாயே. சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

துக்கம் விசாரிக்க வந்த செயலர், "கடைசி வரைக்கும் அம்மா மனசு மாறலீங்களே" என்றார். ஆஸ்பத்திரியில் நீ சொன்னதைச் சொல்லியிருந்தால் அவருக்கும் கண் கலங்கியிருக்கும். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு பண்டிகைக்கு வெளி ஆயரைத் தேடப் போயிருப்பார். நான் கேட்பது பரிதாபம் இல்லையே அம்மா, எனக்குக் கொடுக்கப்பட்ட ஊழியத்தைத்தானே கேட்கிறேன். அதனால் அதைச் சொல்லவில்லை. "இந்தப் பண்டிகைக்கு யாரையும் கூப்பிடாதீங்க. நான்தான் நடத்தப் போறேன்" என்றேன்.

"பாதிப் பேர் எழுந்து வரமாட்டாங்க."

"வர்றவங்களுக்குக் கொடுக்கறேன்."

திருவிருந்தில் ஆயர்தான் முதலில் வாங்க வேண்டும் என்பது முறை. போன ஞாயிறும் அப்படித்தான் நானே அப்பத்தை எடுத்தேன், நானே பாத்திரத்தை வாயில் வைத்துக்கொண்டேன். எனக்குக் கொடுக்கவும் ஆளில்லை, பக்கத்தில் நிற்கவும் ஆளில்லை. பண்டிகையன்றும் அப்படித்தான் நிற்பேன், விடமாட்டேன்.

கம்பிக்கு அந்தப்பக்கம் போயிட்ட என்றாயே. அந்தப்பக்கம் நான் ஒருத்திதான் அம்மா இருந்தேன், நீ எழுந்து வருவாயா என்று பார்த்துக்கொண்டு. ஒரே ஒரு தடவை வந்திருக்கலாம்.