டியூப் வைக்கச் சொல்லிவிட்டேன்

மலாக்கா
14.8.2021

அன்பு மகன் விமலனுக்கு, உன் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதிக்கொள்வது. டப்ளினில் நீயும் மருமகள் ஷாமினியும் சுகமாக இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதினால் அது பொய். மூக்கில் ஆக்சிஜன் ஓடுகிறது, நாலு வார்த்தை பேசினால் இருமல் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் போனை விட்டுப் பேனாவை எடுத்தேன். வார்டில் இருக்கும் நர்ஸ் மிஸ்ஸி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். உடம்பில் எல்லாம் குறைந்துவிட்டது, கோபம் மட்டும் குறையவில்லை.

உங்க அப்பா பாயா ரும்புட்டில் நம் வீட்டில் தனியாக இருக்கிறார், காய்ச்சல் விட்டுவிட்டது, ரசம் என்ற பெயரில் எதையோ கொதிக்க வைத்துக் குடிக்கிறாராம். நீ செய்ததையும் அவர்தான் போனில் உளறினார். முந்தாநாள் டாக்டர் உன்னைக் கூப்பிட்டு, உங்க அம்மாவுக்குப் பதினாறு வருஷமாக இனிப்பு நீர், ரத்தக்கொதிப்பு, கிட்னியும் பலவீனம், இப்படிப்பட்டவர்களுக்கு கோவிட் நுரையீரலில் இறங்கினால் பிழைப்பது கஷ்டம், மோசமானால் மூச்சுக்குத் தொண்டையில் டியூப் வைக்கலாமா என்று கேட்டாராம். நீ அழுதுகொண்டே அம்மாவைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றாயாம். நல்லா இருக்கு தம்பி, உயிர் என்னுடையது, முடிவு உன்னுடையதா? டாக்டர் சொன்னதில் பொய் இல்லை. சுகர் உள்ளவர்கள்தான் இங்கே அதிகம் தவிக்கிறார்கள், எதிர்க் கட்டில் ராஜம்மா போயே போய்விட்டார். ஆனால் பக்கத்துக் கட்டில் மரியம் அக்கா, தெங்கேராவில் மசாலைக் கடை வைத்திருப்பவர், இதய நோயையும் ஆஸ்துமாவையும் வைத்துக்கொண்டு நேற்றுத் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார். கஷ்டம் என்றுதான் டாக்டர் சொன்னார், முடியாது என்று சொல்லவில்லை.

என் தப்பையும் ஒளிக்க மாட்டேன். காய்ச்சல் கண்டதும் கபசுரக் குடிநீர் குடித்தேன், நாட்டு மருந்தோடு இங்கிலீஷ் மருந்து சேரக்கூடாது என்று சுகர் மாத்திரையை எட்டு நாள் நிறுத்திவிட்டேன். இங்கே கேட்டபோது ஒரு வேளை கூட விடவில்லை என்று சாதித்தேன், திட்டுவார்களே என்ற பயம். இந்த ஊர்க் கணக்கில் ஏழெட்டில் நிற்க வேண்டிய சுகர் இருபத்தாறுக்கு ஏறியிருந்தது. மாத்திரைக்கே அடங்காத நோய் என்று நினைத்துத்தான் டாக்டர் உன்னிடம் அப்படிப் பேசியிருக்கிறார். நேற்றுக் காலை அவரைக் கூப்பிட்டு உண்மையைக் கொட்டினேன். வந்த அன்றே சொல்லியிருக்கலாமே லா ஆன்ட்டி என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இன்சுலின் அளவை மாற்றினார், இன்று காலை பதிமூன்று. கையோடு இன்னொன்றும் சொன்னேன், தேவைப்பட்டால் டியூப் வையுங்கள், என் மகன் சொன்னது செல்லாது என்று. ஃபைலில் எழுத வைத்து, படித்துக் காட்டச் சொல்லி, கையெழுத்தும் போட்டேன். டியூப் வைத்தும் நான் போய்விட்டால் அது என் விதி, அதற்காக உன்னை நீ திட்டிக்கொள்ளாதே. என்னைக் கேட்காமல் விட்டுக்கொடுத்தாயே, அதுதான் ஐயா வலிக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டாய், உடம்பில் ஓடுவது என் ரத்தம், இந்த வாரமே சுகர் பார்த்துவிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ என் ஆசீர்வாதம். மறக்காதே, ஆஸ்பத்திரியில் இருந்து மறுபடி போன் வந்தால் முதலில் கண்ணைத் துடைத்துக்கொள். பிறகு, எங்கம்மாவுக்கு வாழ ஆசை என்று சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
பவானேஸ்வரி சுப்பன்